இரண்டேகால் சுற்று

காலி வீதியிலிருந்து எங்கள் ஒழுங்கைக்குள் திரும்பும்போது அக்ஸிலேட்டரை முழுதாக விட்டு இரண்டாம் கியருக்கு இறக்க வேண்டும். ஒழுங்கை கடலை நோக்கிக் கொஞ்சம் சரிவு. அந்த இடத்தில்தான் அப்போது என் பைக் சைலன்சரில் வெடிக்கும். முதலில் பட் பட் என்று சின்னதாக இரண்டு மூன்று, பிறகு பெரிதாக ஒன்று. கொழும்பின் வெள்ளவத்தை ஒழுங்கைகளைத் தெரிந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. இரண்டு பக்கமும் அடுக்குமாடிகள் தோளோடு தோள் உரச நிற்கும், நடுவில் ஒரு வான் வந்தால் எதிரே வருபவர் ஒதுங்கித்தான் நிற்க வேண்டும். அந்த இடுக்கில் எழும் சத்தம் சுவருக்குச் சுவர் அடிபட்டு மேலே ஏறும். எங்கள் வீடு மூன்றாம் மாடியில். மாலை ஐந்து மணிக்குப் பிறகு கடற்காற்று வாங்கப் பல்கனியில் கதிரை போட்டு இருப்பது அம்மம்மாவின் வழக்கம்.

அம்மம்மா 2010இல் வன்னியிலிருந்து வந்தவர். அன்றிலிருந்து எங்களோடுதான் இருக்கிறார். அங்கே போரின் கடைசி மாதங்களில் என்ன நடந்தது என்று நாங்கள் கேட்பதில்லை, அவராகவும் சொல்வதில்லை. 2023இல் ஒரு நாள் பைக் வழக்கத்தைவிடப் பலமாக வெடித்தது. நிறுத்திவிட்டு மேலே போனபோது பல்கனிக் கதிரை காலியாக இருந்தது. உள் அறையில், ஜன்னல் இல்லாத பக்கச் சுவரோடு ஒட்டி, அம்மம்மா நிலத்தில் இருந்தார். இரண்டு கையாலும் தலையைப் பிடித்திருந்தார். "ஒண்டுமில்லை ராசா, தலை சுத்தினமாதிரி இருந்தது, அதுதான் இருந்திட்டன்" என்றார். கை நடுக்கம் அடங்கப் பத்து நிமிடம் ஆனது. தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன். குடிக்கவில்லை.

அதற்கு முந்தின கிழமைதான் காலிமுகத்திடல் பக்கம், சிவப்பு விளக்குக்கு வேகம் குறைத்தபோது இதே சத்தம் வந்தது. காவலில் நின்ற சிப்பாய் ஒருவர் சட்டென்று திரும்பித் துவக்கில் கை வைத்தார். நான் பைக்கை நிறுத்தி இரண்டு கையையும் காட்டி, "சேர், பைக் எகே சத்தெ" என்றேன். பைக் சத்தம்தான் என்று விளங்கியதும் போகச் சொல்லிக் கையசைத்தார். என்னைவிட வயது குறைந்த பொடியன். அவர் முகமும் வெளிறித்தான் இருந்தது. இந்த நகரத்தில் 2009க்கு முன் பள்ளிக்கூடம் போனவர்களுக்கும், உயிர்த்த ஞாயிறுக் குண்டுகள் வெடித்த 2019 ஏப்ரல் 21ஆம் திகதி காலையில் கொச்சிக்கடைப் பக்கம் இருந்தவர்களுக்கும் வெடிச்சத்தம் காதோடு நின்றுவிடுவதில்லை.

அம்மம்மாவைச் சுவரோரம் கண்ட அன்றிரவே முடிவெடுத்தேன். இது அடங்கும்வரை ஒழுங்கைக்குள் எஞ்சினை ஓடவிடுவதில்லை. மூன்று கிழமைகள் காலி வீதியிலேயே சாவியை மூடிவிட்டு, கைபிடியைப் பிடித்து உருட்டிக்கொண்டுதான் இறங்கினேன். காலையில் அதே மாதிரி மேலே தள்ளிக்கொண்டு வந்து காலி வீதியில் ஸ்டார்ட் செய்வேன். அந்த மூன்று கிழமையில் பெற்றோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு விடும் கார்புரேட்டரைப் பற்றி நான் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். இதே தொல்லை பலருக்கு இருப்பது எனக்குத் தெரியும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றபிறகு கொழும்பில் பழைய பைக்கைக் கைவிட முடியாமல் வைத்து ஓட்டியவர்களில் நானும் ஒருவன். என்னுடையது 150 சிசி, 2011இல் வாங்கியது, கார்புரேட்டர் வைத்த காலத்துப் பைக். புதியது வாங்க வசதி வந்தாலும் இதை விற்க எனக்கு மனம் வராது.

பைக் வெடிக்கிறது என்றால் கேட்கிற எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள்: பெற்றோல் கூடப் போகிறது, கார்புரேட்டரில் கலவையைக் கூட்டிக் குறைக்கும் மிக்ஸ்சர் ஸ்குரூவை உள்ளே திருகு. எனக்கும் அதைத்தான் சொன்னார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். சைலன்சருக்குள் வெடிப்பது எரியாத பெற்றோல்தானே, அப்படியென்றால் பெற்றோல் கூடித்தானே போயிருக்க வேண்டும்? நான் கால் சுற்று உள்ளே திருகினேன். அன்று மாலை காலி வீதியில் வெடி இரட்டிப்பானது.

உண்மையில் நடப்பது வேறு. எஞ்சின் வேகமாகச் சுற்றிக்கொண்டிருக்கும்போது அக்ஸிலேட்டரை விட்டால் கார்புரேட்டரின் வாய் ஏறக்குறைய மூடிவிடும். ஆனால் பின்சக்கரம் எஞ்சினை இழுத்துச் சுற்றிக்கொண்டே இருக்கும். பிஸ்டன் உறிஞ்சப் பார்க்கும், வருவது கொஞ்சமே. அந்தக் கொஞ்சத்தோடு முந்திய சுற்றில் எரிந்த புகையும் கலந்து கிடக்கும். பிளக் பொறி விட்டாலும் சில சுற்றுகளில் தீப்பற்றாது. பற்றாத பெற்றோல் ஆவி அப்படியே சைலன்சருக்குப் போய்விடும். அங்கே குழாய் கொதித்துக்கொண்டிருக்கும். எங்கிருந்தாவது கொஞ்சம் புதுக் காற்று வந்து சேர்ந்தால் போதும், அடுத்து எரிந்து வரும் சூட்டில் பற்றி வெடிக்கும்.

இதில் ஸ்குரூவின் பங்கு என்ன? பெற்றோல் ஒரு கிராம் முழுதாக எரிய 14.7 கிராம் காற்று வேண்டும். அந்த அளவைவிடக் காற்று மிகுந்தால் கலவை நீர்த்துப்போகிறது. மெக்கானிக்குகள் 'லீன்' என்பது இதைத்தான். நீர்த்த கலவை லேசில் பற்றாது. அக்ஸிலேட்டரை விட்ட நேரத்தில், ஏற்கனவே பற்றத் தயங்கும் கலவை இன்னும் நீர்த்திருந்தால் பற்றாமல் போகும் சுற்றுகள் அதிகமாகும். ஆக, உள்ளே போகும் பெற்றோல் குறையக் குறைய, எரியாமல் வெளியே வரும் பெற்றோல் கூடுகிறது. இந்த ஒன்றை நான் முதலிலேயே விளங்கியிருந்தால் இரண்டு கிழமை மிச்சமாகியிருக்கும்.

எல்லா வெடியும் இந்த வகை இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். காலையில் குளிர்ந்த எஞ்சினில் அக்ஸிலேட்டரைத் திறக்கும்போது கார்புரேட்டர் பக்கமிருந்து 'ப்புஸ்' என்று தும்முவது போல வந்தால் அது இன்டேக் வழியாகத் திருப்பி அடிப்பது. அதற்கும் நீர்த்த கலவை ஒரு காரணம். உள்வால்வின் டப்பெட் இடைவெளி இறுகி வால்வு சரியாக மூடாமல் இருப்பது இன்னொன்று. நேராக ஓடிக்கொண்டிருக்கும்போது மிஸ் அடித்து, திடீரென்று துவக்குச் சூடு போல ஒன்றே ஒன்று வெடித்தால் பிளக், பிளக் கேப், கொயில், வயர் பக்கம் பார்க்க வேண்டும். பொறி விட்டுவிட்டு வருகிறது, சேர்ந்த பெற்றோல் ஒரே அடியில் பற்றுகிறது. இதில் கார்புரேட்டரைத் தொட்டால் நல்லதும் கெட்டுப்போகும். அக்ஸிலேட்டரை விட்டபிறகு மட்டும் சைலன்சரிலிருந்து தொடர்ச்சியாகப் பட் பட் என்று வந்தால்தான் நான் சொல்லும் கதை.

என்னுடையது நீர்த்த கலவைதான் என்று எனக்குக் காட்டியது ஒரு பயணம். அந்த நாட்களில் ஒரு கல்யாணத்துக்காக நுவரெலியா போய்வந்தேன். நுவரெலியா 1,868 மீற்றர் உயரம். திரும்பும்போது ரம்பொடை வளைவுகளில் அக்ஸிலேட்டரை மூடி, கியரிலேயே கீழிறங்கி வருகிறேன். வெடிக்க அதைவிட நல்ல இடம் வேண்டாம். ஒரு சத்தம் இல்லை. தேயிலைத் தோட்டம் முடிந்து கம்பளைக்கு வந்தபோது ஒன்றிரண்டு கேட்டது. பேராதனை தாண்டிக் கடுகண்ணாவை இறக்கத்தில் நன்றாகத் தொடங்கியது. கொழும்புக்கு வந்தபோது பழையபடி. மேலே காற்று ஐதாக இருக்கும். கார்புரேட்டர் அதை அறியாது, பெற்றோலை ஏறக்குறைய அதே அளவில் விட்டுக்கொண்டிருக்கும். ஆகவே மலையில் கலவை தானாகவே தடிக்கும். மலையில் அடங்கிய வெடி கடல்மட்டத்தில் திரும்புகிறது என்றால், இங்கே ஒன்றில் பெற்றோல் குறைகிறது, அல்லது காற்று கூடுகிறது.

வீட்டுக்கு வந்த அடுத்த நாள் ஸ்குரூ எங்கே நிற்கிறது என்று எண்ணிப் பார்த்தேன். மெல்ல உள்ளே திருகிக்கொண்டு, எத்தனை சுற்றில் அடியில் முட்டுகிறது என்று எண்ண வேண்டும். இறுக்கக் கூடாது, ஸ்குரூவின் நுனி ஊசி மாதிரி, அது கார்புரேட்டரின் ஓட்டைக்குள் இறங்கி இருக்கிறது. இறுக்கினால் நுனி முறியும், அல்லது ஓட்டை வாய் விரியும், பிறகு கார்புரேட்டரையே மாற்ற வேண்டிவரும். இரண்டு விரலால் திருப்புளியைப் பிடித்துத் திருகி, லேசாகத் தட்டுப்பட்டதும் விட்டுவிட வேண்டும். என்னுடையது அரைச் சுற்றில் முட்டியது. நான் திருகிய கால் சுற்றையும் சேர்த்தால் முக்காலில் நின்றிருக்கிறது. இந்த வகைப் பைக்குகளில் இரண்டு சுற்றுக்கு அங்கே இங்கே நிற்க வேண்டும்.

யார் திருகியது என்று யோசித்தபோது நினைவு வந்தது. அந்த வருடத் தொடக்கத்தில் வருமான அனுமதிப்பத்திரம் புதுப்பிக்கும் முன், எமிஷன் டெஸ்டுக்குப் போகிற வழியில் ஒரு கராஜில் ட்யூன் செய்யக் கொடுத்தேன். 2008இல் தொடங்கிய இந்தப் பரிசோதனையில் ஐடிலில், அதாவது அக்ஸிலேட்டரைத் தொடாமல் எஞ்சினைத் தானாக ஓடவிட்டு, சைலன்சர் வாய்க்குள் ஒரு குழலை விட்டுக் காபன் மொனொக்சைட்டையும் ஹைட்ரோகாபனையும் அளப்பார்கள். கலவையை நீர்க்க வைத்தால் காபன் மொனொக்சைட் குறையும். டெஸ்டில் தட்டாமல் இருக்க ஸ்குரூவை உள்ளே திருகிவிட்டு, ஐடிலைக் கொஞ்சம் ஏற்றி வைத்துக் கொடுத்திருக்கிறார்கள். பைக் பாஸாகிவிட்டது. திரும்பவும் அதைப் பழைய இடத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்று அவர்களும் சொல்லவில்லை, எனக்கும் தெரியாது. டெஸ்டுக்கு முன் ட்யூன் செய்யக் கொடுப்பவர்கள் கராஜில் நின்று ஸ்குரூவைத் தொட்டார்களா, எத்தனை சுற்று என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நல்ல நிலையில் இருக்கும் எஞ்சின் சரியான கலவையிலேயே டெஸ்ட் பாஸாகும்.

இரண்டு சுற்றுக்குத் திறந்தேன். வெடி குறைந்தது, நிற்கவில்லை. சரி, கழற்றித்தான் பார்ப்போம் என்று கார்புரேட்டரைக் கழற்றினேன்.

2022இல் நாட்டில் பெற்றோல் இல்லாமல் இந்தப் பைக் மாதக்கணக்கில் கீழே வாகனத் தரிப்பிடத்தில் நின்றது. பிறகு பெற்றோல் பங்கீட்டுக்குக் கியூஆர் முறை வந்து மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர் கிடைத்தபோதும், அவசரத்துக்கு வேண்டும் என்று மிச்சம் பிடித்துப் போத்தல்களில் வைத்திருந்ததைத்தான் ஊற்றி ஓட்டினேன். பெற்றோல் நின்றால் அதில் லேசான பகுதி ஆவியாகிப் போய்விடும், தடித்த பகுதி பசையாக அடியில் தங்கும். கார்புரேட்டரின் அடியில் பெற்றோல் தேங்கும் ஃப்ளோட் கிண்ணத்தைத் திறந்தபோது அடியில் கித்துள் பாணி காய்ந்தது மாதிரி ஒரு படலம். ஒரு மூலையில் வெள்ளைப் பொடி; அது தண்ணீர் நின்று உலோகத்தை அரித்தது.

பைலட் ஜெட்டைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். அரைத் தீக்குச்சி நீளம், பித்தளை, பக்கவாட்டில் சின்னச் சின்னத் துளைகள். நுனியில் இருக்கும் ஓட்டை அரை மில்லிமீற்றருக்கும் குறைவு. ஐடிலிலும், அக்ஸிலேட்டர் மூடியிருக்கும்போதும் எஞ்சினுக்குப் போகும் பெற்றோல் அனைத்தும் இந்த ஓட்டை வழியாகத்தான் போகிறது. ஜன்னல் பக்கம் திருப்பி ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தேன். நல்ல ஜெட்டில் வட்டமாக, கூராக ஒரு வெளிச்சப் புள்ளி தெரியும். இதில் பிறைநிலவு போல ஒரு ஓரம் மட்டும்தான் தெரிந்தது. இரவு முழுக்கக் கார்ப் கிளீனரில் ஊற வைத்து, ஸ்பீக்கர் வயரைப் பிரித்து அதில் ஒற்றைச் செப்பு இழையை எடுத்து மெல்ல விட்டு எடுத்தேன். தையல் ஊசியையோ இரும்புக் கம்பியையோ விடக் கூடாது, பித்தளை மெது, ஓட்டை பெரிதாகிவிடும். காலையில் திரும்ப ஜன்னலில் பிடித்தபோது முழு வட்டம் தெரிந்தது. கழுவுவதற்கு முன் மேலே உள்ள ரப்பர் டயஃப்ரத்தை மறக்காமல் எடுத்துத் தனியே வைத்துவிடுங்கள். கார்ப் கிளீனர் பட்டால் அது ஊதி விரிந்து பழுதாகிவிடும்.

பூட்டி ஓட்டினேன். ஐடில் அழகாக நின்றது, இழுவை கூடியது. ஆனால் வெடி இன்னும் இருந்தது. அங்கேதான் நான் வழிதவறினேன். ஸ்குரூவைத் திறந்தால் குறைகிறது என்று கண்டுகொண்டதால் மேலும் மேலும் திறந்தேன். இரண்டரை, மூன்று, மூன்றேகால். வெடி அடங்கத்தான் செய்தது, ஆனால் முழுதாக இல்லை. லீற்றருக்கு 44 கிலோமீற்றர் ஓடிய பைக் 35க்கு இறங்கியது. காலையில் சைலன்சரிலிருந்து பெற்றோல் வாடை. அதோடு நான் இன்னமும் பைக்கை ஒழுங்கைக்குள் உருட்டிக்கொண்டுதான் போய்வந்தேன்.

ஜிந்துப்பிட்டியில் ஒரு பாஸ், அதாவது பழைய மெக்கானிக், இருக்கிறார். அப்பாவின் பழைய ஸ்கூட்டரையும் அவர்தான் பார்த்தவர். எழுபது தாண்டியிருக்கும். அவருடைய கராஜ் என்பது வீட்டு முன் விறாந்தைதான். ஒரு பலகை, இரண்டு தகரப் பெட்டி, சுவரில் ஒரு முருகன் படம். முதலிலேயே அவரிடம் போயிருக்க வேண்டும். கண்பார்வை குறைந்துவிட்டது, இப்போது வேலை எடுப்பதில்லை என்று கேள்விப்பட்டதால் போகவில்லை.

அவர் ஒரு ஸ்பனரையும் தொடவில்லை. ஸ்டார்ட் பண்ணச் சொன்னார். அக்ஸிலேட்டரைத் திருகிச் சட்டென்று விடச் சொன்னார். ஐந்தாறு தடவை. கண்ணை மூடிக்கொண்டு, தலையை ஒரு பக்கம் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஸ்குரூவைத் தொட்டீங்களா தம்பி?"

"தொட்டேன் பாஸ்."

"இப்ப எத்தனை சுத்து?"

"மூணேகால்."

பிளக்கைக் கழற்றச் சொல்லி விரலால் தடவிப் பார்த்தார். விளக்குக் கரி மாதிரி விரலில் ஒட்டியது. "பானையில ஓட்டை இருக்கு. நீங்க ஓட்டையை அடைக்காம தண்ணி கூட ஊத்துறீங்க" என்றார்.

பிறகு ஒரு சாக்குத் துணியை நனைத்து மடித்து, ஐடிலில் ஓடும்போது சைலன்சர் வாயில் இரண்டு விநாடி அழுத்திப் பிடித்தார். எஞ்சின் பக்கமிருந்து ஸ்ஸ் என்று ஒரு சீறல். குழாய் எஞ்சின் தலையோடு சேரும் இடத்தில், நான் தினமும் பார்த்தும் கவனிக்காத இடத்தில், மை தீட்டியது போல ஒரு கருப்புக் கோடு. இரண்டுக்கும் நடுவில் புகை கசியாமல் அடைக்கும் பக்கிங் போய்விட்டது. புகை வெளியே போகும் ஓட்டை வழியாகவே, அக்ஸிலேட்டரை விட்டதும் குழாய்க்குள் அழுத்தம் ஏறி இறங்கும்போது வெளிக்காற்று உள்ளே இழுபடும். கொதிக்கும் குழாய்க்குள் பெற்றோல் ஆவி காத்திருக்கிறது என்று சொன்னேனே, அதற்கு வேண்டிய காற்று வந்தது இந்த வழியாகத்தான். கடலிலிருந்து இருநூறு மீற்றரில் பன்னிரண்டு வருடம் நின்ற பைக். இரண்டு நட்டும் உப்பில் கரைந்து பாதியாகி, இறுக்கம் தளர்ந்திருந்தன.

அதோடு முடியவில்லை. கார்புரேட்டரையும் எஞ்சினையும் இணைக்கும் இன்டேக் ரப்பரைச் சுற்றிக் கார்ப் கிளீனரைத் துளித்துளியாக அடிக்கச் சொன்னார். இதை வீட்டில் செய்பவர்கள் திறந்த வெளியில், சைலன்சர் சூடேறும் முன், சைலன்சர் பக்கம் படாமல் செய்யுங்கள். கொளுந்துவிட்டு எரியக்கூடிய சாமான் அது. மேலே அடித்தேன், ஒன்றுமில்லை. பக்கத்தில் அடித்தேன், ஒன்றுமில்லை. கீழ்ப்பக்கம் அடித்ததும் எஞ்சின் சத்தம் உயர்ந்து இறங்கியது. ரப்பருக்கு அடியில் எங்கோ வெடிப்பு. அது வழியாகப் போன கிளீனரை எஞ்சின் பெற்றோலாகக் குடித்திருக்கிறது.

ரப்பரைக் கழற்றிக் கையில் எடுத்தபோதும் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. பாஸ் அதை வாங்கி இரண்டு பெருவிரலாலும் பின்பக்கமாக வளைத்தார். வறண்ட உதடு பிளப்பது போல ஒரு கோடு மெல்ல வாய் திறந்தது. உள்ளே ரப்பர் சாம்பல் நிறத்தில், நார் நாராக. விரலை எடுத்ததும் மூடிக்கொண்டது. பைக் நிற்கும்போது அது மூடித்தான் இருக்கும். எஞ்சின் உறிஞ்சும்போது மட்டும் திறக்கும். அக்ஸிலேட்டர் மூடியிருக்கும்போது உறிஞ்சல் மிகக் கடுமையாக இருக்கும், ஆகவே அப்போதுதான் அகலமாகத் திறக்கும். நான் ஸ்குரூவில் மூன்றேகால் சுற்றுத் திறந்து ஊட்டிய பெற்றோலை இந்தக் கோடு நீர்க்க வைத்துக்கொண்டிருந்தது. என் தவறு அந்த இடத்தில்தான் எனக்கு முழுதாக விளங்கியது. அதை எத்தனை தரம் வளைத்து வளைத்துப் பார்த்தேன் என்று தெரியாது. இன்றும் என் மேசை லாச்சிக்குள் இருக்கிறது.

சாமான் வாங்கப் பஞ்சிகாவத்தைக்குப் போனேன். பழைய ரப்பரைக் கையில் கொண்டுபோனது நல்லதாகப் போயிற்று. "சாம்பிள் இல்லாம ரப்பர் கேட்டு வராதீங்க தம்பி" என்றார் கடை நானா. ஒரே மொடலுக்கே இரண்டு அளவு இருக்கிறதாம். பழையதை வெர்னியரில் அளந்து, மூன்று பெட்டி பிரித்து, நான்காவதில் இருந்ததை எடுத்துத் தந்தார். மலிவான ஒன்றும் இருந்தது. அதன் விளிம்பு சமமாக இல்லாததை அவரே காட்டி, இது வேண்டாம் என்றார். விளிம்பு கொஞ்சம் கோணலாக இருந்தாலும் கிளிப் எவ்வளவு இறுக்கினாலும் காற்று இழுக்கும். சைலன்சர் பக்கிங்கும் புது நட்டும் அதே கடையில் கிடைத்தன.

பழைய நட்டுகளுக்கு முதல் நாள் இரவே துரு இளக்கும் எண்ணெய் விட்டு வைக்கச் சொன்னார் பாஸ். அவசரப்பட்டால் ஸ்டட் எஞ்சின் தலைக்குள்ளேயே முறியும், பிறகு லேத்துக்குத்தான் போக வேண்டும். டப்பெட்டையும் பார்த்துச் சரிசெய்தோம். எயார் ஃபில்ட்டர் பெட்டியிலிருந்து சைலன்சர் பக்கம் போகும் ஒரு குழாய் என் பைக்கில் உண்டு. புகையில் மிச்சமிருப்பதை எரிக்கக் காற்று விடும் அமைப்பு. அக்ஸிலேட்டரை விட்டதும் அது தானாக மூட வேண்டும், மூடாவிட்டால் அதுவும் வெடிக்கக் காரணமாகும். அதன் சின்ன ரப்பர் குழாய்களை இழுத்துப் பார்த்தோம், நன்றாக இருந்தன. சிலர் வெடியை நிறுத்துவதற்காக அந்தக் குழாயையே தகடு வைத்து அடைத்துவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. காரணத்தைக் கண்டுபிடிக்காமல் வாயை மட்டும் அடைக்கிற வேலை அது, புகையும் கூடும்.

எல்லாம் பூட்டியபிறகுதான் ஸ்குரூவுக்கு வந்தோம். "நீங்களே திருப்புங்க, நான் கேக்குறேன்" என்றார்.

முதலில் ஆமர் வீதி, கிராண்ட்பாஸ் பக்கம் ஒரு கால் மணித்தியாலம் ஓட்டி எஞ்சினை நன்றாகச் சூடாக்கிக்கொண்டு வந்தேன். குளிர்ந்த எஞ்சினில் வைக்கும் அளவு சூட்டில் செல்லாது. ஸ்குரூவை அடியில் முட்டவிட்டு இரண்டு சுற்றுத் திறந்தேன். ஐடில் ஸ்குரூவை வழக்கத்தைவிடக் கொஞ்சம் ஏற்றி வைத்தேன். பிறகு மிக்ஸ்சர் ஸ்குரூவை அரைக்கால் சுற்று வெளியே. நிறுத்திப் பத்து எண்ண வேண்டும், எஞ்சின் உடனே பதில் சொல்லாது. சத்தம் கொஞ்சம் உயர்ந்தது. இன்னும் அரைக்கால். இன்னும் உயர்ந்தது. இன்னும் அரைக்கால் திறந்தபோது ஏறவில்லை, ஒரு கனத்த தடுமாற்றம் வந்தது. "திரும்பிப் போங்க" என்றார். அரைக்கால் உள்ளே. இப்போது ஐடிலை நிமிடத்துக்கு 1,400 சுற்றுக்கு இறக்கினேன். ஐடில் இறங்கினால் கலவையும் கொஞ்சம் மாறும், ஆகவே மறுபடி முதலிலிருந்து ஒரு தரம். அதே இடத்தில்தான் வந்து நின்றது. இரண்டேகால்.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன், இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். மிக்ஸ்சர் ஸ்குரூ எஞ்சின் பக்கமாக இருந்தால் அது கலவையின் அளவைக் கட்டுப்படுத்துவது. வெளியே திறந்தால் பெற்றோல் கூடும். ஃபில்ட்டர் பக்கமாக இருந்தால் அது காற்று ஸ்குரூ. வெளியே திறந்தால் காற்று கூடும், கலவை நீர்க்கும். பழைய டூ ஸ்ட்ரோக் பைக்குகளில் பெரும்பாலும் இரண்டாவது வகை. ஆகவே நண்பரின் பைக்கில் வேலை செய்த முறை உங்கள் பைக்கில் நேர் எதிராக வேலை செய்யலாம். எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்க்காமல் திருப்புளியை எடுக்காதீர்கள். அதே போல, ஒரு சுற்றுக்குள்ளேயே நல்ல இடம் வந்தாலோ, மூன்று சுற்றுத் தாண்டியும் வராவிட்டாலோ, கோளாறு ஸ்குரூவில் இல்லை. ஜெட் அளவு, அடைப்பு, காற்றுக் கசிவு, இவற்றில் ஒன்று. மூன்றேகாலில் நின்றபோதே என் பைக் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது.

பாஸ் கூலி வாங்க மறுத்தார். கட்டாயப்படுத்திக் கொடுத்தேன். மாதம் ஒரு தரம் அந்தப் பக்கம் போனால் எட்டிப் பார்க்கிறேன். விறாந்தையில் இருந்தபடி, நான் ஒழுங்கை முனையில் திரும்பும்போதே சத்தத்தில் ஆளைக் கண்டுபிடித்துவிடுகிறார்.

இரவு பத்து மணிக்குப் பிறகு மரைன் டிரைவில் சாவியை மூடித் திறந்து வேண்டுமென்றே பைக்கை வெடிக்க வைத்து ஓட்டும் பொடியன்களைப் பார்க்கிறேன். சைலன்சருக்குள் இருக்கும் தடுப்புகளை வெட்டி எடுத்துவிட்டு ஓட்டுகிறார்கள். அவர்களுக்கு இருபது வயது இருக்கும். கடலைப் பார்த்த அந்தக் கட்டடங்களில் எத்தனையோ வீடுகளில் வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் வந்த முதியவர்கள் படுத்திருக்கிறார்கள். ஒரு நாள் தேநீர்க் கடையில் அவர்களில் ஒருவனிடம் அம்மம்மாவைப் பற்றிச் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "சொறி அண்ணை" என்றான். பிறகு அவனை அந்தக் கூட்டத்தில் நான் காணவில்லை. வேறு இடத்துக்குப் போயிருக்கலாம். என்றாலும் சொன்னது நல்லது என்றே நினைக்கிறேன்.

இருநூறு கிலோமீற்றர் ஓடியபிறகு பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன். மாரி பிஸ்கட் நிறம். லீற்றருக்குப் பழையபடி 44 வருகிறது. ஸ்குரூ நிற்கும் இடத்தில் தங்கச்சியின் நகப்பூச்சால் ஒரு சிவப்புக் கோடு போட்டு வைத்திருக்கிறேன். யாராவது தொட்டால் தெரிந்துவிடும். காலையில் எஞ்சின் சூடாகும் முன் எப்போதாவது ஒரு சின்னப் 'பட்' வருகிறது. அது பக்கத்தில் நடந்து போகிறவருக்கும் கேட்காத அளவு.

பாஸிடமிருந்து வந்த அன்று காலி வீதியில் நிறுத்தி, உருட்டிப் போவதா என்று ஒரு நிமிடம் யோசித்தேன். பிறகு எஞ்சினோடு திரும்பினேன். அக்ஸிலேட்டரை விட்டு, இரண்டாம் கியர். காது முழுக்க சைலன்சரில்தான் இருந்தது. சரிவு முடியும்வரை எஞ்சினின் சீரான உறுமல் மட்டும். நிமிர்ந்து பார்த்தேன். பல்கனியில் அம்மம்மா கதிரையில் இருந்தார். மடியில் சுளகு, முருங்கையிலை உருவிக்கொண்டிருந்தார்.

மேலே போனதும், "பைக் சத்தம் கேட்டது, நீதான் எண்டு நினைச்சன்" என்றார். கையில் பெற்றோல் மணக்கிறது, கழுவிவிட்டு வந்து இந்த இலையைக் குசினிக்குக் கொண்டுபோய்க் கொடு என்று சொன்னார்.